கண்காணா இயந்திரமும் கைக்கெட்டாப் பிழையும்

பருத்தித்துறைக் கடற்கரையில் 1916-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற வெளிச்சவீடு ஒன்று நிற்கின்றது. அதன் உயரம் 32 மீற்றர். இலங்கையின் வடமுனையை அடுத்துள்ள இக்கரை பாறையும் முருகைக்கல்லும் நிறைந்தது. பருத்தி ஏற்றிய துறையாதலின் தமிழர் இதனைப் பருத்தித்துறை என்றனர் என்பர். போர்த்துக்கேயரோ இதன் கற்களைக் கண்டு, கற்களின் முனை என்று பொருள்படப் பெயரிட்டனர். அப்பெயரே பின்னர் ஆங்கிலேயர் நாவில் பொயின்ற் பீட்றோ எனத் திரிந்தது. கரையருகே கல் உண்டு என்பதனைத் தொலைவில் வரும் மாலுமிக்கு அறிவிப்பதே வெளிச்சவீட்டின் தொழில். அது தன் செய்தியைச் சொல்லிவிடும். மாலுமி அதனைக் கண்டானா, கண்டு சுக்கானைத் திருப்பினானா என்பதனை அது அறியாது.

வானொலியும் ஒருவகையில் இத்தகையதே. 1990-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் தடைப்பட்ட பின்னர், அப்பகுதி மக்கள் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவைக் கையாற் சுழற்றி, அம்மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்டனர். உலகத்தின் குரல் வீட்டுக்குள் வந்தது. வீட்டின் குரல் வெளியே செல்வதற்கு அவ்வழி உதவவில்லை. வருவதற்கு வழியிருந்தும் போவதற்கு வழியின்றிப் போவது எத்துணைத் துன்பம் என்பதனை அக்காலத்தைக் கடந்தவர்களுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

வெளிச்சவீட்டினின்றும் வானொலியினின்றும் வேறுபட்ட தொழிலொன்று உண்டு. தொலைவிலிருக்கும் ஓர் இயந்திரத்துக்கு இங்கிருந்தே கட்டளையிடுதல், அதன் அமைப்புகளை மாற்றுதல், மாற்றம் நிகழ்ந்ததா என்பதனை அதன் வாயாலேயே கேட்டறிதல் என்னும் தொழிலே அது. இதற்குப் போகும் வழியும் வேண்டும். வரும் வழியும் வேண்டும். கொழும்பிலுள்ள ஒரு பொறியியலாளர், நானூறு கிலோமீற்றருக்கு மேல் அப்பாலுள்ள பருத்தித்துறையில் ஓர் அலுவலகக் கணினியின் அமைப்பைத் தம் மேசையிலிருந்தே மாற்றுவது இன்று வியப்புக்குரிய செயலன்று. அக்கணினி, கட்டளையை ஏற்காமல் ஒரு பிழைச்செய்தியை மட்டும் திருப்பியனுப்பும்போதுதான் அத்தொழிலின் அருமை புலப்படுகின்றது.

நேரிற் சென்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தீரும் வேலை, சில காலங்களில் செல்லவே இயலாத வேலையாகிவிடும். 2006 ஓகஸ்டில் முகமாலையில் போர் மூண்டபோது யாழ்ப்பாணத்தைத் தென்னிலங்கையோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டது. 2009-இல் போர் முடியும்வரை அவ்வழி பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. வானூர்தியோ கப்பலோ அன்றி வேறு வழியில்லாத அந்த ஆண்டுகளில், கொழும்புக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கிலோமீற்றரால் அளத்தல் பொருந்துவதாக இல்லை. ஆதலின் தொலைவிலிருந்து பிழை கண்டு திருத்தும் கலை இப்பகுதியினர்க்கு வெறும் வசதியன்று. அக்கலையின் வரலாறு கணினிக்கும் முற்பட்டது. அவ்வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்பத் தோன்றும் பாடம் ஒன்றுண்டு. தொலைவிலுள்ள இயந்திரத்தைத் திருத்தப் புகுவோர் முதலிற் காக்க வேண்டியது, தாம் திரும்பி வரும் வழியையே.

1858-ஆம் ஆண்டு சனவரியில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே இலங்கையின் முதலாவது தந்திக்கம்பி இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட ஆழங்குறைந்த கடலின் வழியாக இந்தியாவுடன் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. தரையிலோடும் கம்பி அறுந்தால் ஓர் ஆள் அதன் வழியே நடந்து சென்று அறுந்த இடத்தைக் கண்டுகொள்ளலாம். கடலுக்கடியிற் கிடக்கும் வடம் அறுந்தால் எவர் நடந்து செல்வது? கரையிலிருந்தே பிழையின் இடத்தைக் கணிக்க வேண்டிய தேவை இவ்வாறு தோன்றிற்று.

அதற்குக் கண்ட உபாயம் மிக எளிமையானது. கம்பி நீளநீள, மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையும் அதே அளவில் உயரும். ஒரு கிலோமீற்றர்க் கம்பியின் தடை 10 ஓம் என வைத்துக்கொள்வோம். வடத்தின் உறை கிழிந்து, உள்ளிருக்கும் கம்பி கடல்நீரைத் தொடுமாயின், மின்னோட்டம் அவ்விடத்திலேயே நிலத்துள் இறங்கிவிடும். கரையிலிருந்து அளக்கும்போது 150 ஓம் காட்டினால் பிழை ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது என்பது கணக்கு. கிழிந்த இடத்துக்கும் தனியே ஒரு தடை உண்டாதலின், மறுகரையிலிருந்தும் அளந்து இரண்டினையும் ஒப்புநோக்கித் திருத்துவர். பிறகு கப்பல் நேரே அவ்விடத்துக்குச் சென்று வடத்தை மேலே தூக்கும். கண்ணாற் காணாத பிழையைக் கரையிலிருந்து அளந்து காண்பது இவ்வாறு கைகூடிற்று. பிழை யாது என்று கேட்பதற்கு முன்னர், பிழை எவ்விடத்தில் என்று கேட்டமையே அவ்வெற்றிக்குக் காரணம்.

அவ்வாறு கேளாதவர் அடைந்த தோல்வியும் அதே ஆண்டில் நிகழ்ந்தது. 1858 ஓகஸ்டில் அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே அத்லாந்திக் சமுத்திரத்தின் அடியில் முதலாவது தந்திவடம் இடப்பட்டது. விக்டோரியா மகாராணியார் அனுப்பிய 98 சொற்கொண்ட வாழ்த்து மறுகரை சேர 16 மணிநேரம் ஆயிற்று. குறிகள் மெலிந்தும் மயங்கியும் வந்தன. நிறுவனத்தின் மின்னியலாளராயிருந்த வைல்ட்மன் வைற்ஹவுஸ் என்பவர் மெலிந்த குறிகளுக்கு மருந்து வலிமையே எனக் கருதி, ஏறத்தாழ 2,000 வோல்ற்று மின்னழுத்தத்தை வடத்தினுட் செலுத்தினார். முன்னரே நலிந்திருந்த உறை அதனைத் தாங்கவில்லை. சில வாரங்களுக்குள் வடம் முற்றாக ஊமையாயிற்று. அவர் தொழிலால் சத்திரவைத்தியர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

அதே பணியில் ஈடுபட்டிருந்த கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தொம்சன் வேறு வழியிற் சென்றார். சிறியதொரு கண்ணாடியைக் காந்தத்தோடு பொருத்தி, மிக மெல்லிய மின்னோட்டத்தையும் ஒளிப்புள்ளியின் அசைவாகக் காட்டும் கருவியொன்றை அவர் அமைத்தார். உரத்துப் பேசுவதற்குப் பதிலாக உன்னிப்பாகக் கேட்பதே அவர் கொள்கை. பிற்காலத்து அத்லாந்திக் வடங்கள் அவர் வழியைப் பின்பற்றியே வெற்றி கண்டன. நோய் யாது, அதன் முதல் யாது, தணிக்கும் வழி யாது என வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு, இயந்திரம் திருத்துவோர்க்கும் பொருந்துவதன்றோ?

கம்பியின் மறுமுனையில் மனிதனுக்குப் பதிலாக இயந்திரமே இருந்து விடையளித்த நாள் 1940 செப்டெம்பர் 11 ஆகும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்ரிபிற்ஸ் என்னும் கணிதவியலார், அமெரிக்காவின் ஹனோவர் நகரில் டாட்மத் கல்லூரியிற் கூடிய கணித அறிஞர்களின் முன்னிலையில் ஒரு தட்டச்சுப் பொறியை வைத்தார். கணக்கிடும் இயந்திரமோ நியூயோர்க்கில் இருந்தது. அறிஞர்கள் கணக்குகளைத் தட்ட, கம்பிவழியே சென்ற கணக்குக்குச் சிறிது நேரத்தில் விடை அச்சாகி வந்தது. தொலைவிலுள்ள கணக்கியந்திரத்தைப் பலரறியப் பயன்படுத்திய முதல் நிகழ்ச்சி இதுவே என்பர்.

1969 ஒக்டோபர் 29 இரவு, இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெற் வலையமைப்பிற் கணினியும் கணினியும் முதன்முறையாகப் பேசின. லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்னும் மாணவர், ஏறக்குறைய 560 கிலோமீற்றருக்கு அப்பால் ஸ்ரான்போட் ஆய்வு நிறுவனத்திலிருந்த கணினிக்குள் நுழைவதற்கான 'லொகின்' என்னும் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டினார். முதலிரண்டு ஆங்கில எழுத்துகள் சென்றன. மூன்றாவது எழுத்தைத் தட்டியவுடன் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஸ்ரான்போட் கணினி கட்டளையைத் தானே ஊகித்து, எஞ்சிய எழுத்துகளை ஒருங்கே திருப்பியனுப்ப முயன்றது. ஒவ்வோர் எழுத்தாக ஏற்பதற்கென வகுத்த சிற்றிடம் அதனைக் கொள்ளவில்லை. ஏறத்தாழ ஒரு மணிநேரத்துக்குள் பிழை திருத்தப்பட்டுத் தொடர்பு கைகூடிற்று.

அத்துணை விரைவில் அப்பிழை தீர்ந்ததன் காரணம் பலராற் கவனிக்கப்படுவதில்லை. கிளைனும் மறுமுனையிலிருந்த பில் டுவாலும் அவ்வேளையிற் சாதாரணத் தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தனர். எழுத்து வந்ததா என இவர் கேட்க, வந்தது என அவர் சொன்னார். புதிய வழி முறிந்தபோது பழைய வழி திறந்தேயிருந்தது. அந்த இரண்டாவது வழி இல்லாதிருந்தால், தட்டியவருக்குத் தம் எழுத்து எங்கே மறைந்தது என்பதே தெரிந்திராது.

இரண்டாவது வழி இல்லாத இடத்தில் முதலாவது வழியை அறுத்துக்கொண்டவர் கதை, செவ்வாய்க் கிரகத்தில் நிகழ்ந்தது. 1976 யூலை 20-ஆம் நாள் அங்கே தரையிறங்கிய வைக்கிங்-1 என்னும் கலம், தொண்ணூறு நாள் உழைத்தாற் போதும் என்று எண்ணியிருக்க, ஆறாண்டுகளுக்கு மேல் உழைத்தது. அதன் மின்கலங்கள் தளர்வதைக் கண்ட பொறியியலாளர், மின்னேற்றும் முறையைச் சீர்செய்யும் நோக்குடன் 1982 நவம்பரிற் புதிய கட்டளைத்தொகுதி ஒன்றை அனுப்பினர். நோக்கம் நல்லதே. ஆயின் அக்கட்டளைத்தொகுதி கணினியின் நினைவிற் போய் அமர்ந்த இடம், வானலைக்கம்பம் பூமியை எத்திசையில் நோக்க வேண்டும் என்ற குறிப்பு இருந்த இடம். அக்குறிப்பு அழிந்தது. வைக்கிங்கின் முகம் பூமியை விட்டு அகன்றது. தவறு செய்தோம், திருத்திக்கொள் என்று சொல்வதற்கும் வழியில்லாமற் போயிற்று. பல மாதங்கள் அழைத்துப் பார்த்தும் விடை வரவில்லை.

மரத்திலேறி நின்று தான் நிற்கும் கிளையை வெட்டியவன் கதை இதுவே. தொலைவிலிருந்து கணினியின் அமைப்புகளை மாற்றுவோர் இன்றும் மிகுதியாகச் செய்யும் பிழையும் இதுவே. தம்மை அக்கணினியோடு இணைக்கும் முகவரியையோ, தீயரணையோ, உள்நுழையும் உரிமையையோ மாற்றிவிட்டு, மாற்றிய கணத்திலேயே வெளியே தள்ளப்பட்டுக் கதவருகே நிற்பர்.

இவ்விடர்க்குக் கண்ட மாற்று, வீட்டுக் கணினியிலேயே உண்டு. திரையின் அமைப்பை மாற்றியவுடன், இம்மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று விண்டோஸ் கேட்கும். 15 விநாடிக்குள் விடை வராவிடின் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். திரை இருண்டு போயிருந்தால் விடையளிக்க ஆளில்லை. ஆதலின் மௌனத்தையே மறுப்பாகக் கொள்கின்றது. பெரிய வலையமைப்புகளை இயக்கும் ஜூனிப்பர் நிறுவனத்துத் திசைவிகளிலும் இத்தகைய கட்டளை உண்டு. மாற்றம் செய்தவர் பத்து நிமிடத்துக்குள் மீண்டும் வந்து உறுதி கூறாவிடின், மாற்றம் தானே நீங்கிவிடும். கதவைத் தாழிட்டுக்கொண்டு வெளியே அகப்பட்டவருக்கு, பத்து நிமிடத்தில் தாழ் தானே திறப்பது எத்துணை ஆறுதல்!

தொலைவிலுள்ள கணினியிற் பிழை கண்டு திருத்திய செயல்களுட் சிறந்ததொன்று 1997-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு யூலை 4-ஆம் நாள் செவ்வாயிலிறங்கிய பாத்பைண்டர் கலத்தின் கணினி, சில நாள்களின் பின்னர் இடையிடையே தானாகவே நின்று மீண்டும் தொடங்கலாயிற்று. காரணத்தை ஒரு வீட்டுக் கிணற்றைக் கொண்டு விளக்கலாம். கிணற்றுக்கு ஒரே வாளி. எளிய வேலைக்காரன் ஒருவன் வாளியைக் கையிற் பற்றியிருக்கின்றான். அவசரமாக நீர் வேண்டிய வீட்டுத்தலைவர் வந்து காத்து நிற்கின்றார். அவ்வேளையில் வாளி வேண்டாத மூன்றாமவர் ஒருவர் வந்து வேலைக்காரனை வேறு பணிகளுக்கு ஏவிக்கொண்டேயிருக்கின்றார். வேலைக்காரன் வாளியை விடுவதற்கும் ஓய்வில்லை. தலைவர்க்கு நீரும் இல்லை. பாத்பைண்டரின் முதன்மைப் பணி இவ்வாறு காத்துக் காத்துக் காலங்கடந்தமையாற் காவற்பொறி முழுக் கணினியையும் மறுபடி தொடக்கிற்று.

பொறியியலாளர் செவ்வாயை நோக்கி உடனே கட்டளை எதனையும் ஏவவில்லை. பூமியில் அக்கலத்தின் இரட்டை போன்ற கணினியொன்று இருந்தது. அதிலே அப்பிழையைத் தாமே வரவழைக்க முயன்று, வரவழைத்து, காரணத்தைக் கண்டனர். வாளியைப் பற்றியிருப்பவன் அதனை விடும்வரை தலைவரின் தகுதியைப் பெறுவான் என்றொரு விதி அம்மென்பொருளில் முன்னமே இருந்தது. அவ்விதி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அந்த ஓர் அமைப்பினை 'இல்லை' என்பதிலிருந்து 'ஆம்' என மாற்றும் சிறு கட்டளையே செவ்வாய்க்குச் சென்றது. நோய் தீர்ந்தது.

இதே நிதானத்தை இந்தியாவின் மங்கள்யான் பயணத்திலும் காணலாம். திருநெல்வேலி மாவட்டத்தவரான சுப்பையா அருணன் அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தார். 2014 செப்டெம்பரில் அக்கலம் செவ்வாயை அணுகியபோது, அதன் பெரிய இயந்திரம் ஏறத்தாழ 300 நாள் இயங்காமற் கிடந்தது. பெங்களூரிலிருந்து புறப்படும் கட்டளை அங்கே சென்றடையப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேலாகும். ஆதலின் செய்ய வேண்டியவற்றை முன்கூட்டியே கலத்தின் நினைவில் ஏற்றிவைத்தனர். செப்டெம்பர் 22-ஆம் நாள் அவ்வியந்திரத்தை ஏறக்குறைய நான்கு விநாடிகள் மட்டுமே எரித்துப் பார்த்தனர். அது பழுதாயின் எட்டுச் சிறு உந்திகளைக் கொண்டு முயல்வதற்கும் ஆயத்தமாயிருந்தனர். இரண்டு நாளின் பின்னர், 24-ஆம் நாளில், கலம் செவ்வாயைச் சுற்றும் பாதையிற் சேர்ந்தது. பெரிய மாற்றத்துக்கு முன்னர் நான்கு விநாடிச் சோதனை ஒன்று செய்யாதவர், வெற்றி பெற்றாலும் அதனைத் தம் திறமையாகக் கொள்ளல் ஆகாது.

பொறுமைக்கோ வொயேஜர்-1 சான்று. 1977-இல் ஏவப்பட்ட அக்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற செய்திகளை அனுப்பத் தொடங்கியது. அப்போது அது பூமியிலிருந்து 2,400 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. ஒரு கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணிநேரம். விடை வர மேலும் அவ்வளவு நேரம். நினைவகத்தின் சிறு பகுதியைத் தாங்கிய சில்லு ஒன்று பழுதுபட்டமையே காரணம் எனக் கண்டனர். பழுதான இடத்திலிருந்த கட்டளைகளைத் துண்டுதுண்டாகப் பிரித்து வேறிடங்களிற் குடியேற்றினர். 2024 ஏப்ரல் 18-இல் அதற்கான முதற் கட்டளை சென்றது. 20-இல் நல்விடை வந்தது. ஒரு மாற்றம், பிறகு இரண்டு நாள் காத்திருப்பு என்பதே அங்கே விதி. பிழைச்செய்தி வந்த அவசரத்தில் ஐந்து அமைப்புகளை ஒருசேர மாற்றிவிட்டு, எது குணப்படுத்தியது என்றறியாமல் நிற்பவர்க்கு இது நல்ல பாடம்.

இனிப் பருத்தித்துறையிலுள்ள அலுவலகக் கணினிக்கு மீள்வோம். கொழும்பிலிருந்து அதன் அமைப்பை மாற்ற முயலும்போது விண்டோஸ் தரும் பிழைச்செய்திகள் பலவாயினும், அவற்றை வாசல்களாக வகுத்துக்கொள்ளலாம். பிழைச்செய்தியைத் தடையாகக் கொள்வோர் சினப்பர். அது எந்த வாசலில் நாம் நிற்கின்றோம் என்று கூறும் சாட்சி.

முதலாவது, வழியும் பெயரும். வலையமைப்பின் பாதையே காணப்படவில்லை என்னும் பொருளுடையது 53-ஆம் இலக்கப் பிழை. கணினி அணைந்திருக்கலாம், இடைவழி அறுந்திருக்கலாம், பெயரை முகவரியாக மாற்றும் ஏடு பழையதாயிருக்கலாம். மூன்றாவது நிலை மற்றவற்றினும் அபாயமானது. பழைய முகவரி இப்பொழுது வேறொரு கணினிக்கு உரியதாயிருந்தால், பருத்தித்துறைக்கென அனுப்பிய மாற்றம் வேறோர் ஊரிற் போய் நிகழும். ஆதலின் உட்சென்றவுடன் முதற் கேள்வி, நீ யார் என்பதாகவே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வாசலும் ஏவலாளனும். மறுமுனையிற் பணி செய்வோன் கிடைக்கவில்லை என்பது 1722-ஆம் இலக்கப் பிழை. கணினி விழித்திருக்கின்றது, ஆயின் இக்குறித்த கட்டளைகளைக் கேட்கும் சேவையை அடைய இயலவில்லை. கணினியிற் செய்தி நுழையும் வாயிலுக்குக் கலைச்சொல் துறை என்பதே. தொலைக்கட்டளைகள் முதலில் 135-ஆம் இலக்கத் துறைக்கு வரும். அங்கிருக்கும் வாயிலோன் உள்ளே மற்றோர் எண்ணைச் சுட்டி, அவ்வறைக்குச் செல் என்பான். அவ்வெண் வழக்கமாக 49152-க்கும் 65535-க்கும் இடைப்பட்டது. தீயரண் காப்போர் 135-ஐத் திறந்துவிட்டு மற்றவற்றை மூடியிருப்பின், வந்தவர் வெளிவாயிலிற் புகுந்து உள்வாயிலில் நிற்பார். இதனன்றி, கணினியின் பதிவேட்டைத் தொலைவிலிருந்து மாற்ற உதவும் சேவை, காவலின்பொருட்டு விண்டோஸின் புதிய பதிப்புகளில் நிறுத்தியே வைக்கப்பட்டுள்ளது. அதனையும் அறிந்திருத்தல் நன்று.

மூன்றாவது, உரிமை. அணுகல் மறுக்கப்பட்டது என்பது 5-ஆம் இலக்கப் பிழை. இது ஒருவகையில் நற்செய்தியே. வழியும் வாயிலும் ஏவலாளனும் செவ்வையாக உள்ளன என்பதற்கு இதுவே சான்று. அக்கணினியில் நிர்வாகி எனப் பெயர் பெற்றவர்க்கும் இம்மறுப்பு வருவதுண்டு. விண்டோஸ் விஸ்ரா வெளிவந்த காலந்தொட்டு, கணினியின் உள்ளூர்க் கணக்கு ஒன்று வலையமைப்பின் வழியாக வரும்போது, அதன் அதிகாரம் குறைக்கப்பட்டே உள்ளே விடப்படும். நேரில் அதிகாரி, தொலைவில் வெறும் குடி. மறுப்பைக் கண்டு கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் தட்டுவதாற் பயனில்லை. கணக்கே பூட்டப்படுவதும் உண்டு.

நான்காவது வாசலை எவரும் எளிதில் நினையார். அது கடிகாரம். பெரிய வலையமைப்புகளில் ஆளை அடையாளங்காணும் கெர்பரோஸ் என்னும் முறை, இரு கணினிகளின் நேரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் எவரையும் ஏற்காது. களவாடிய பழைய அனுமதிச்சீட்டைப் பிறரொருவர் பயன்படுத்தாதிருக்கவே இந்த ஏற்பாடு. இலங்கையிலோ நேரமே மும்முறை மாறியது. 1996 மே மாதத்தில் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கின. 2006 ஏப்ரல் 15-இல் மேலும் அரைமணி பின்வாங்கி, இந்தியாவுடன் ஒத்த பழைய நேரத்துக்கே திரும்பின. கணினி தன்னுள்ளே உலகப் பொதுநேரத்தை வைத்துக்கொண்டு, நாட்டின் வேறுபாட்டைக் கூட்டித் திரையிற் காட்டும். நாட்டின் வேறுபாட்டுக் குறிப்புப் புதுப்பிக்கப்படாத கணினியொன்று 2006 ஏப்ரலில் அரைமணி முந்திய நேரத்தைக் காட்டியிருக்கும். அதனைக் கண்டவர் கடிகாரத்தைக் கையாற் பின்தள்ளினால் திரையில் நேரம் சரியாகும். உள்ளிருக்கும் பொதுநேரமோ அரைமணி பிழையாகும். வழியிற் குறையில்லை, வாயிலிற் குறையில்லை, கடவுச்சொல்லும் சரியே. ஆயினும் உள்ளே புக இயலாது. கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவதே பிழையின் மூலமாயிருப்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

தொலைக்கட்டளையின் பிழை எத்துணைப் பேரைத் தீண்டும் என்பதனை 2021 ஒக்டோபர் 4-ஆம் நாள் உலகம் கண்டது. அன்று பேஸ்புக் நிறுவனத்தார் தம் உலகளாவிய வலையமைப்பின் கொள்ளளவை அறியும்பொருட்டு விடுத்த ஒரு கட்டளை, அவ்வலையமைப்பு முழுவதையும் துண்டித்தது. அத்தகைய கட்டளைகளைத் தடுக்க அமைத்த காவற்கருவியிலும் பிழை இருந்தமையால் அது தடுக்கவில்லை. நிறுவனத்தின் பெயரேடும் இணையத்திலிருந்து மறைந்தது. பொறியியலாளர் தொலைவிலிருந்து திருத்துவதற்கு வைத்திருந்த கருவிகளும் அதே வழியை நம்பியிருந்தமையால் அவையும் இறந்தன. இறுதியில் ஆட்கள் நேரிற் செல்ல வேண்டியதாயிற்று. அக்கட்டடங்களின் காவலோ எவரையும் விரைந்து உட்புக விடாதபடி வகுக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறு மணிநேரம் வாட்ஸ்அப் முதலியன உலகெங்கும் ஊமையாயின. இலங்கையில் அப்போது இரவு ஒன்பது மணி கடந்த வேளை, லண்டனிற் பிற்பகல், ரொறன்ரோவில் முற்பகல். பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு, இரவுணவின் பின்னர் அவர்கள் முகத்தைத் திரையிற் காணும் வழக்கமுடைய வடமராட்சிப் பெற்றோர்க்கு, அவ்வமைதி பழைய நாள்களை நினைவூட்டியிருந்தால் வியப்பில்லை. வைக்கிங் கற்பித்த பாடம் நாற்பதாண்டின் பின்னரும் மறக்கப்பட்டிருந்தது.

2024 யூலை 19-இல் இன்னுமொரு பாடம். கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் காவல் மென்பொருளுக்கு அன்று தொலைவிலிருந்து அனுப்பப்பட்ட பிழையான கோப்பொன்று, மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் கணிப்பின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. அனுப்பியவர் 78 நிமிடத்தில் அதனை மீட்டுக்கொண்டனர். ஆயின் வீழ்ந்த கணினிகள் பல, வலையமைப்பை எட்டுமுன்னரே மீண்டும் மீண்டும் வீழ்ந்தமையால், திருத்தம் அவற்றைச் சென்றடையவில்லை. விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் உட்கார்ந்து, அக்கோப்பைக் கையால் அழிக்க வேண்டியதாயிற்று.

தொலைவை வென்றுவிட்டோம் என்று மனிதன் எண்ணும்போதெல்லாம், இயந்திரத்தின் அருகே நிற்கும் ஒருவரின் தேவை மீண்டும் புலப்படுகின்றது. பருத்தித்துறை அலுவலகத்தில் அவர் கணினி கற்றவராக இருக்க வேண்டுவதில்லை. மின்னிணைப்பு ஒளிர்கின்றதா, கடிகாரம் என்ன நேரம் காட்டுகின்றது, திரையில் எழுதியிருப்பது யாது என்பதனைத் தொலைபேசியில் உள்ளபடி கூறுபவராயிருந்தாற் போதும். 1969-இல் சார்லி கிளைனுக்குப் பில் டுவால் செய்த உதவியும் அதுவே. கொழும்பிலிருப்பவர் செய்ய வேண்டியவை சில: மாற்றுமுன் பழைய அமைப்பை எழுதிவைத்தல், ஒவ்வொன்றாக மாற்றுதல், மாற்றம் தானே மீள்வதற்குக் காலம் குறித்தல், அம்மனிதரின் தொலைபேசி எண்ணை அக்கணினிக்குள் அன்றிக் காகிதத்தில் எழுதிக் கைவசம் வைத்தல். இவற்றுள் இறுதியாகச் சொன்னதே எளிது. வழி அடைபட்ட நாளில் முதலில் தேடப்படுவதும் அதுவே.